கறியை விட்டாச்சு… பால் டின்னை விட முடியுமா?

காலை ஏழு மணிக்கு கேமரன் மலையின் பிரிஞ்சாங் கடைத்தெருவில் குளிர் இன்னும் இறங்கியிருக்காது. உணவகத்தில் தேநீர் கலக்குபவரின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். குவளையின் அடியில் கெட்டிப்பால் தாராளமாக இறங்குகிறது. அதன்மேல் கொதிக்கும் சாயம். இரண்டு குவளைகளுக்கு நடுவே இழுத்து ஆற்றியதும், நுரை ததும்பும் தே தாரிக் மேசைக்கு வந்துவிடும். பக்கத்தில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு கிண்ணம் பருப்புக் கறி. மேசையில் இறைச்சி ஒரு துண்டுகூட இல்லை. ஆனாலும் இனிப்பு நீர் உள்ளவர் தினமும் சாப்பிடக்கூடாத காலை உணவு இதுதான். அந்த டின்னில் இருப்பதில் எடைக்குக் கிட்டத்தட்ட பாதி சீனி!

உடம்புக்காக வீகன் உணவுக்கு மாற நினைக்கிறவர்கள் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது இந்த மேசையைத்தான். இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் ஒதுக்குவது வீகன் முறை. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் வீகன் சங்கத்தைத் தொடங்கியபோது, அவர்களை அதற்குத் தூண்டியது விலங்குகள் மீதான கருணை. இன்று பலர் அந்தப் பக்கம் திரும்புவது, கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிய பிறகுதான்.

திரும்பக் காரணமும் இருக்கிறது. மலேசிய சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வுப்படி, வயது வந்தவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 சதவீதம். மூன்று பேரில் கிட்டத்தட்ட ஒருவர்.

மலையில் காய், தட்டில் சோறு

கேமரன் மலையில் இதைப் பேசும்போது ஒரு முரண் கண்ணில் குத்துகிறது. நாட்டின் பெரும் காய்கறித் தோட்டமே இந்த மலைதான். முட்டைக்கோஸ், தக்காளி, சாவி கீரை, சாலட் இலை, சர்க்கரைவள்ளி என்று லாரி லாரியாகக் கீழே இறங்கி சிங்கப்பூர்வரை போகிறது. ஆனால் அதே 2019 ஆய்வு, வயது வந்த மலேசியர்களில் 100-க்கு 95 பேர் போதுமான காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை என்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, இரண்டும் சேர்த்து நாளுக்கு 400 கிராம்.

தேயிலை மலைக்கு வந்த நம் பாட்டன் பாட்டிகள் சோற்றைக் குவித்துச் சாப்பிட்டார்கள், இனிப்புத் தேநீர் குடித்தார்கள். 1929-இல் போ (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தில், முதுகில் கூடையோடு சரிவுகளில் ஏறி இறங்கிய உடம்புக்கு அது எரிபொருள். அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று கடையிலோ அலுவலகத்திலோ வேனின் ஸ்டியரிங் பின்னாலோ உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை மாறிவிட்டது. சோற்றின் அளவும் தேநீரின் இனிப்பும் மாறவில்லை.

விரதம் வேறு, வீகன் வேறு

கறியை விடுவது தமிழர்களுக்குப் பெரிய காரியமில்லை. புரட்டாசியில் விடுகிறோம். தைப்பூசத்துக்கு வாரக்கணக்கில் விடுகிறோம். பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி ஆலயத்துக்குக் காவடி எடுக்கிறவருக்குக் கோழி வாசம்கூட ஆகாது. ஆனால் பால்? அபிஷேகத்துக்கும் பால், பாயசத்துக்கும் பால், வயிறு சரியில்லை என்றால் மோர். அங்கேதான் தடுமாற்றம்.

விரதச் சாப்பாட்டை மருந்துச் சாப்பாடு என்று எண்ணிவிடவும் கூடாது. வெள்ளைச் சோறு, அப்பளம், வடை, பாயசம் எல்லாம் சைவம்தான்; சர்க்கரையையும் ஏற்றிவிடும். நெத்திலியையும் முட்டையையும் எடுத்துவிட்டு, சம்பலையும் பெலாச்சான் இல்லாமல் செய்தால் நாசி லெமாக்கூட வீகன்தான். தேங்காய்ப்பால் கொழுப்பு அப்படியே இருக்கும். சீன சைவக் கடையில் கிடைக்கும் சோயா ‘கோழி’யில் உப்பு தூக்கலாக இருக்கக்கூடும்.

அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவத் துறையினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2017-இல் இதையே சொன்னார்கள். முழுத் தானியம், காய், பருப்பு என்று சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் அபாயம் குறைந்திருந்தது. தீட்டிய மாவு, இனிப்புப் பானம், பொரித்த உருளைக்கிழங்கு என்று சாப்பிட்டவர்களுக்கு, அவையும் தாவர உணவே என்றாலும், அபாயம் கூடியிருந்தது.

சரியாகச் சாப்பிட்டால் பலன் உண்டா? 2006-இல் அமெரிக்க மருத்துவர் நீல் பர்னார்ட் குழு, நீரிழிவு உள்ள 99 பேரை இரு பிரிவாக்கி 22 வாரம் கவனித்தது. ஒரு பிரிவுக்குக் கொழுப்பு குறைந்த வீகன் உணவு. மற்றதற்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அப்போது பரிந்துரைத்த உணவு. இரு பிரிவிலும் சர்க்கரை இறங்கியது. மருந்தைக் குறைக்க முடிந்தவர்கள் வீகன் பிரிவில் 43 சதவீதம், மற்றதில் 26 சதவீதம். அந்த வீகன் உணவில் எண்ணெயையும் கட்டுப்படுத்தியிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

காந்தி கண்ட சிக்கல்

பாலை விட்டுப் பார்த்தவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர் காந்தி. 1912-இல், தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் காலன்பாக்கோடு சேர்ந்து பாலை நிறுத்தினார். அந்தப் பண்ணையில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. 1918-இல் கடும் சீதபேதியில் படுத்தபோது உடம்பு தேறவே இல்லை. விரதம் பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும்தானே என்று மனைவி கஸ்தூரிபாய் எடுத்துச் சொல்ல, கடைசியில் ஆட்டுப்பாலுக்கு இணங்கினார். பாலுக்கு ஈடான தாவர உணவைத் தேடிக் கிடைக்காத ஆதங்கத்தை அவர் மறைக்கவில்லை.

அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லாத சத்து ஒன்று பாலில் உண்டு: வைட்டமின் பி12. அது தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல்தான். நரம்புக்கும் ரத்தத்துக்கும் அவசியமான இந்தச் சத்து தாவர உணவில் நம்பும்படி கிடைப்பதில்லை. இட்லி மாவு புளித்தாலும் தெம்பே புளித்தாலும் அதை நம்பியிருக்க முடியாது. வீகன் ஆனவர் மாத்திரையாகவோ, பி12 சேர்த்த சோயாப் பால் போன்றவற்றிலோ எடுத்தே ஆக வேண்டும்.

நீரிழிவுக்காரர்கள் இங்கே இரட்டிப்புக் கவனம் வைக்க வேண்டும். பலரும் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் நாளடைவில் பி12-ஐக் குறைக்கக்கூடியது. கால் மரத்துப்போனால் ‘சர்க்கரையால்தான்’ என்று விட்டுவிடுவோம். பி12 குறைவாலும் அப்படி ஆகும். பரிசோதித்தால் தெரிந்துவிடும்.

இன்சுலினோ கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர் ஒரே நாளில் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று சரிந்து மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு, பொட்டாசியம் மிகுந்த கீரையும் பழமும் அளவு மீறினால் ஆபத்து. ஆகவே மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தட்டை மாற்ற வேண்டும்.

பிரிஞ்சாங்கில் ஒரு நாள்

காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது ஓட்ஸ். தேநீர் வேண்டுமென்றால், கடையில் ‘தே ஓ கோசோங்’ என்று கேளுங்கள். பாலும் இல்லை, சீனியும் இல்லை. மலைத் தேயிலையின் மணம் அப்போதுதான் நாக்குக்கே தெரியும். ஒன்று மட்டும்: தேநீரில் உள்ள சில பொருள்கள், சாப்பாட்டின் இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரையோடு தக்காளியோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

மதியத்துக்கு, சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செபாரோ’ தட்டு: கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ தெம்பேயோ தௌஃபூவோ, மீதி அரைத் தட்டும் காயும் பழமும். இரவில் பிரிஞ்சாங்குக்கே பேர்போன ஸ்டீம்போட்டை விட வேண்டியதில்லை. எலும்புச் சாறுக்குப் பதில் காய்கறிச் சாறு கேட்டு, மீன் உருண்டையை ஒதுக்கி, காளானும் கீரையும் தௌஃபூவும் போட்டுக்கொள்ளலாம்.

வாழ்நாள் சபதம் எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டாம். எச்பிஏ1சி பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும். தொடங்கும் முன் அதையும் பி12-ஐயும் ஒருமுறை பாருங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். எண் இறங்கியிருந்தால் தொடருங்கள். இறங்காவிட்டால் டாக்டரிடம் மருந்துச் சீட்டோடு உங்கள் சாப்பாட்டுப் பட்டியலையும் காட்டுங்கள். பெரும்பாலும் விடை அந்தப் பட்டியலில் இருக்கும்: விட்டது கறி, கூடியது சோறு.