உங்கள் பயோடேட்டாவுக்கு ஏழே விநாடிதான்! தெரியுமா?

கெங்குவார்பட்டியில் இந்த வருஷம் டிகிரி முடித்தவரா நீங்கள்? "ஒரு பயோடேட்டா அடிச்சுக் குடுங்கண்ணே" என்று ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிறீர்களா? ஒரு நிமிஷம்!

அந்தத் தாளை ஆள் எடுப்பவர் முதல் தடவை எவ்வளவு நேரம் பார்ப்பார் தெரியுமா? 7.4 விநாடி! அமெரிக்க வேலைவாய்ப்பு நிறுவனமான லேடர்ஸ், ஆள் எடுப்பவர்களின் கண் தாளில் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்து 2018-இல் சொன்ன கணக்கு இது. 2012-இல் அதே நிறுவனம் சொன்னது வெறும் 6 விநாடி! வத்தலகுண்டு பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி" என்று நாலு தடவை கூவுகிற நேரம்கூட இல்லை!

மோனலிசா வரைந்த லியொனார்டோ டா வின்சியும் வேலை கேட்டு எழுதியவர்தான், தெரியுமா? சுமார் 1482-இல் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்போர்ஸாவுக்கு, பத்து அம்சங்களை வரிசை போட்டு! தூக்கிச் செல்லும் பாலம், பீரங்கி, கவச வண்டி... ஓவியம்? கடைசியில், போகிற போக்கில்! ஆட்சியாளருக்குச் சண்டைக் கவலை என்று புரிந்துவைத்திருந்த மனிதர்!

நம்ம ஊர்க் கதை இதைவிட ஆச்சரியம்! 1912 பிப்ரவரி 9. திருவல்லிக்கேணியிலிருந்து ஓர் இளைஞர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பிக்கிறார். மெட்ரிகுலேஷன் தேறியாயிற்று, எஃப்.ஏ. வரை படித்தும் சூழ்நிலையால் தொடர முடியவில்லை என்று ஒளிக்காமல் எழுதுகிறார். கையோடு, முழு நேரத்தையும் கணிதத்துக்கே கொடுத்துவருவதையும் சொல்லிவிடுகிறார்! மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட்டின் சிபாரிசு வேறு. வேலை கிடைத்தது! மார்ச் 1 முதல், மாதம் 30 ரூபாய் சம்பளம். யார் அவர்? சீனிவாச ராமானுஜன்!

அவரே 1913 ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியபோது என்ன வைத்தார்? தன்னைப் பற்றிக் கொஞ்சம். மீதிப் பக்கமெல்லாம் தேற்றங்கள்! குமாஸ்தா வேலைக்கு ஒரு கடிதம், கணித மேதைக்கு வேறு கடிதம்! பத்து கம்பெனிக்கும் ஒரே ஜெராக்ஸை அனுப்புகிறவர்கள் கவனிக்க! (ஒரு வேடிக்கை: வயது சுமார் 23 என்று அதில் எழுதியிருந்தார். உண்மையில் 25! நீங்கள் அப்படி எழுதினால் சர்ட்டிபிகேட் சரிபார்ப்பிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.)

1973-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் நிரப்பிய ஒற்றைப் பக்க விண்ணப்பத்தில் போன் நம்பர் என்ன தெரியுமா? 'இல்லை'! பின்னாளில் ஐபோன் விற்றவர்! அந்தத் தாள் 2018 ஏலத்தில் 1,74,757 டாலருக்குப் போனது! நீங்கள் மட்டும் நம்பரை மறந்துவிடாதீர்கள்.

பெயரே கதவை அடைக்குமா? அடைக்கும்! ஆய்வாளர்கள் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெலும் இந்தியத் தனியார் கம்பெனிகளின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். படிப்பு ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு! தலித், முஸ்லிம் பெயர்களுக்குக் குறைவாகவே அழைப்பு வந்தது. முடிவு வெளியான ஆண்டு 2007. தனியார் வேலைக்கான பயோடேட்டாவில் மதம், சாதி, திருமணமானவரா என்றெல்லாம் இன்னும் எதற்கு எழுதுகிறோம்? அடித்துவிடுங்கள்!

கெங்குவார்பட்டியை ஆங்கிலத்தில் ஜி போட்டும் எழுதுகிறார்கள், கே போட்டும் எழுதுகிறார்கள், கவனித்தீர்களா? ஆதாரில் எப்படியோ, பயோடேட்டாவிலும் அப்படியே!

அரசு வேலையா? 2022 குரூப் 4 தேர்வு அறிவிப்பில் 7,301 இடங்கள். விண்ணப்பம்? ஏறத்தாழ 22 லட்சம்! ஓர் இடத்துக்கு 300 பேர்! நல்லவேளை, அங்கே பயோடேட்டா கேட்பதில்லை, மார்க்தான்!

கடைசியாக ஒன்று! வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தெரியுமா? விட்டால் சீனியாரிட்டி போச்சு! தேனிக்குப் பஸ் ஏறக்கூட வேண்டாம், ஆன்லைனிலேயே முடிக்கலாம். உங்கள் அட்டையில் எந்த மாதம் போட்டிருக்கிறது? இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்!