அம்மா வந்தாள்

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவல் 1966-இல் வெளிவந்தது. காவிரிக்கரை வேதபாடசாலையில் 16 ஆண்டுகள் பயின்ற அப்பு, சென்னையில் தன் வீட்டுக்குத் திரும்புகிறான். அங்கே அம்மாவுடன் உறவு கொண்ட சிவசு சர்வ சாதாரணமாக வந்துபோகிறார். கடைசிக் குழந்தைகளின் முகத்தில் அவர் சாயல். அப்பா தண்டபாணிக்கு எல்லாம் தெரியும், வாய் திறப்பதில்லை. நாவலின் உண்மையான கனம் அந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

அப்புவின் அம்மா அலங்காரத்தம்மாள் அழுது மன்னிப்புக் கேட்பவள் அல்ல. மகன் வேதவித்தானால் தன் பாவம் தீரும் என்று நம்பியே அவனைப் பாடசாலைக்கு அனுப்பியிருந்தாள். அவனோ பாடசாலைக்கே திரும்பி, அங்கிருக்கும் விதவையான இந்துவின் அன்பை ஏற்கிறான். தாயையும் கணவனையும் ஒருசேரப் புரியவைக்கும் ஜானகிராமனின் இந்தத் துணிவு அன்று கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. நாவலின் முடிவில், பாடசாலைக்கு வந்து மகனைப் பார்த்த அலங்காரத்தம்மாள், காசிக்குக் கிளம்புகிறாள்.