பின்தொடரும் பெரிய மீன்

1943ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் கூஸ்தோவும் காக்னானும் சேர்ந்து, முதுகில் சுமந்து செல்லும் காற்றுக்கலத்திலிருந்து நீருக்குள்ளே தாராளமாக மூச்சுவிட உதவும் கருவியை உருவாக்கினார்கள். அது முதல் மனிதன் மீன்களுக்கிடையே நீந்தத் தொடங்கினான். மீன்களும் அவனை வேடிக்கை பார்க்கத் தொடங்கின!

வெப்பக் கடல்களின் பவளப் பாறைகளருகே நீந்துபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். திரும்பிப் பார்த்தால், ஒன்றரை மீட்டர் நீளத்தில் வெள்ளி போல் மின்னும் ஒரு மீன் பின்னாலேயே வரும். நின்றால் அதுவும் நிற்கும், நகர்ந்தால் நகரும். பெரிய சீலா மீன் இது. ஆங்கிலத்தில் 'பாரகூடா' என்பார்கள். அடிக்கடி வாயைத் திறந்து கத்தி போன்ற பற்களைக் காட்டும். பயமுறுத்துவதற்காக அல்ல, செவுள்களின் வழியே நீரைச் செலுத்தத்தான்.

அப்படியானால் ஏன் பின்தொடர்கிறது? பெரும்பாலும் வெறும் ஆர்வந்தான். பசித்த சீலா இரையை ஒரே பாய்ச்சலில் பிடித்துவிடும். இப்படி நிதானமாக ஊர்வலம் வராது.

ஆனால் அந்த ஆர்வத்தை நாமே வேட்டையாக மாற்றிவிடலாம். மீனின் உடலில் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பு, நீரின் அசைவுகளை உணரக்கூடியது. நாம் கைகால்களை அடித்துக்கொண்டு ஓடினால், அது காயம்பட்ட மீனின் துடிப்பைப் போலிருக்கும். பளபளக்கும் சங்கிலியோ கத்தியோ சிறு மீனின் செதில் போலத் தோன்றும். எனவே மின்னும் பொருள்களைக் கரையிலேயே விட்டுச் செல்ல வேண்டும். மீன் தொடர்ந்தால் அதை நோக்கித் திரும்பி, கண்ணெடுக்காமல், துணைவரோடு சேர்ந்து மெதுவாக விலக வேண்டும். குத்திப் பிடித்த மீன் கையிலிருந்தால் விட்டுவிடுவதே நல்லது.

துரத்திவிடலாமே என்று தோன்றுகிறதா? பசிபிக் கடலில், மார்ஷல் தீவுக் கூட்டத்தின் எனிவெட்டாக் பவளத் தீவில் ஜான்சன், நெல்சன் என்னும் விஞ்ஞானிகள் சாம்பல்நிறப் பாறைச் சுறாக்களை ஆராய்ந்து 1973இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மனிதன் நெருங்கியதும் சுறா மூஞ்சியை உயர்த்தி, முதுகை வளைத்து, மார்புத் துடுப்புகளைக் கீழே தாழ்த்தி, உடலை மிகையாக ஆட்டியபடி நீந்தியது. தப்பும் வழி குறுகக் குறுக இந்த ஆட்டம் கடுமையாயிற்று. 'விலகிப் போ' என்பது அதன் பொருள். பொருட்படுத்தாமல் நெருங்குபவருக்குக் கடி விழும்; தின்பதற்காக அல்ல, தற்காப்புக்காக. ஆகவே மீனுக்கு எப்போதும் வழி விட்டே நிற்க வேண்டும்.

எனினும் என் கருத்தில், பல்லைவிட ஆபத்தானது பதற்றம். நம் மன்னார் வளைகுடா முத்துக் குளிப்போருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சுறாவின் வாயைக் கட்டும் 'கடல்கட்டி' என்ற மந்திரக்காரர் இல்லாமல் அவர்கள் அந்நாளில் இறங்கத் தயங்கினார்கள். இப்படி மந்திரம் செய்பவர்களைப் பற்றி 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, மூழ்குபவரின் பயத்தைக் கட்டியிருக்கும்.

காற்றுக்கலத்தோடு மூழ்குபவருக்குப் பயம் இன்னும் கேடு. பாயில் விதியைப் படித்திருப்பீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2 வளிமண்டலம். அங்கே 6 லிட்டர் காற்றை இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே பாய்ந்தால், நீர்மட்டத்தில் அது 12 லிட்டராக விரிய முயலும். நுரையீரல் தாங்குமா? கிழிந்துவிடும், காற்றுக் குமிழிகள் இரத்தத்தில் புகுந்து மூளையை அடையலாம். சீலா தொடாமலேயே உயிர் போய்விடும்!

மேலே வருபவர் இயல்பாக மூச்சு விட்டபடி, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏற வேண்டும். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பதும் வழக்கம். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டுமல்லவா? சீலா அங்கேயும் வந்து படகின் நிழலில் நிற்கலாம். நின்றுவிட்டுப் போகட்டும்.