உங்களுக்குத் தெரியுமா? டிக்கெட் உண்டு, கட்டணம் இல்லை!

சங்கரன்கோவிலிலிருந்து சுற்றுக் கிராமங்களுக்குப் போகும் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்கள் காசு கொடுக்க வேண்டாம். ஆனாலும் கண்டக்டர் டிக்கெட் கொடுப்பார். பயணிகளின் கணக்கு வேண்டுமே! கட்டண இழப்பைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடுசெய்கிறது. தமிழகம் முழுக்க 2021 மே 8 முதல் பெண்களுக்கு இந்த இலவசப் பயணம் நடைமுறையில் உள்ளது. பிறகு திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இச்சலுகை கிடைத்தது. பூ மார்க்கெட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் தினம் வந்துபோகிற பெண்ணுக்கு, கூலியில் பஸ் காசு மிஞ்சுவது பெரிய விஷயம்.

இப்படிப் பயணச் சலுகை வெளிநாட்டிலும் தந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மாதம் 9 யூரோ கொடுத்தால் நாடெங்கும் உள்ளூர் ரயில், டிராம், பஸ்களில் போகலாம் என்றிருந்தது. 2023 மே மாதம் வந்த மாதச் சீட்டின் விலை அப்போது 49 யூரோவாக இருந்தது.

நம்மூர்ச் சலுகை எக்ஸ்பிரஸ் பஸ்களில் செல்லாது. பலகையைப் பார்த்து ஏறுங்கள்.