மேஜைமேல் ஓர் எம்டன்

‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். உத்தியோகம் முடிந்த மறுநாள் அந்த லட்சணம் என்ன ஆகும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. தலைநகரில் ரயில்வே குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் எனக்கு, அதற்கு விடை சொன்னது ஒரு சின்னஞ்சிறு கப்பல்.

எங்கள் பிரிவின் மூத்த ஊழியர் ஒருவர் அறுபதாம் வயதில் ஓய்வு பெற்றார். ரயில்வே குடியிருப்பைக் காலி செய்து, இராமகிருஷ்ணபுரத்தில் வாடகைக்குக் குடியேறினார். ஆயினும் ஏதேனும் ஒரு காரணத்தைக் கூறிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தவண்ணம் இருந்தார். ஒருநாள், கோப்புகள் குவிந்து கிடந்த வேளையில், “இப்போது வேலை இருக்கிறது, சார், பிறகு பேசலாம்” என்று கூறிவிட்டேன். அதன்பின் அவர் வரவேயில்லை. என் சொல் என்னையே உறுத்திற்று.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் அவர் இல்லம் சென்றேன். அந்தக் கோடையிலும் மின்விசிறி சுழலவில்லை. “விசிறியைப் போடாதே, தம்பி, பீரங்கி பறந்துவிடும்!” என்றார். மேஜைமீது எம்டன் கப்பல் உருவாகிக்கொண்டிருந்தது.

1952-இல் ஏர்பிக்ஸ் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் ‘கோல்டன் ஹைண்ட்’ என்ற பாய்க்கப்பலைப் பிளாஸ்டிக் உறுப்புகளாக வார்த்து, வூல்வொர்த் கடைகளில் மலிவாக விற்றது. அத்தகைய பெட்டி ஒன்றை, சென்னை ஜார்ஜ் டவுனில் வளர்ந்த நம் பெரியவருக்குச் சிறுவயதில் சிங்கப்பூர் மாமா தந்தாராம். பிறகு படிப்பு, உத்தியோகம், குடும்பம், கப்பல் மறந்தது. இப்போது மகன் வாங்கித் தந்தது ரெவல் நிறுவனத்தின் எம்டன். அசலில் 350-இல் ஒரு பங்கு; 118 மீட்டர்க் கப்பல் ஏறக்குறைய 34 சென்டிமீட்டராக அடங்கிவிடுகிறது.

எம்டனை அறியாத தமிழர் உண்டோ? 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்த ஜெர்மன் போர்க்கப்பல் அது. உயர் நீதிமன்ற மதிலிலுள்ள கல்வெட்டு அதற்குச் சான்று. தந்திரசாலியை ‘எம்டன்’ என்பது அன்று பிறந்த வழக்கே.

வேலையோ எளிதன்று. சட்டத்திலிருந்து உறுப்பைக் கத்தரித்து, உப்புத்தாளால் தேய்த்து, இடுக்கியால் பிடித்து ஒட்டவேண்டும். பசையின் நெடிக்காகச் சன்னலைத் திறந்தால் டில்லிப் புழுதி ஈர வர்ணத்தில் படியும். ஆகவே காற்று எழுமுன் விடியற்காலையில் வர்ணம் பூசுகிறார். எஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்திச் சுடரருகே இளக்கி இழுக்கிறார். மயிரிழை போன்ற அந்த நூலே பாய்மரக் கயிறாகிறது. கை நடுங்குவதால் இரு மணிக்கட்டுகளையும் மேஜையில் ஊன்றிக்கொள்கிறார்.

“சிறுவயதில் ஒரே இரவில் முடித்தேன், எங்கும் பசைக் கறை. இப்போது ஒரு கொடிமரத்துக்கு ஒரு வாரம். கண் போயிற்று, பொறுமை வந்தது” என்றார்.

அசல் எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. 1914 அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்தில் நுழைகையில், பிரிட்டிஷ் கப்பல்போல் தோன்றப் பொய்யாக நான்காவதையும் நிறுத்தியது. நம் பெரியவரும் நான்காவதைச் செய்திருந்தார், ரயில்வே முன்பதிவுப் படிவத்தைச் சுருட்டி! வேண்டும்போது பொருத்தலாம், எடுக்கலாம்.

விடைபெறுகையில் அன்று கூறிய சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டேன். “நீ சொன்னிராவிடில் இந்தப் பெட்டியைப் பிரித்திருக்கமாட்டேன்” என்று சிரித்தார்.

கடலே இல்லாத டில்லியில் அவர் ஒரு துறைமுகத்தைக் கண்டுகொண்டார். எனக்கு ஓய்வு பெற இன்னும் பல ஆண்டுகள் உண்டு. ஆயினும் அன்றிரவே, பரணில் கிடந்த என் பழைய சித்திரப் பலகையை இறக்கித் தூசி தட்டினேன். அன்பர்களே, ஓய்வூதியத்துக்குச் சேமிப்பதுபோல் இதற்கும் இப்போதே சிறிது சேமித்து வைப்போமாக.