மனைவிக்குப் பார்த்தாயிற்று, கணவருக்கு?

டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம் நெருங்கும்போதெல்லாம் தேனி, போடி, கம்பம் வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி: "பிரசவத்துக்கு முன் மனைவிக்கு எச்.ஐ.வி. இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நானும் பார்க்க வேண்டுமா?" கட்டாயம் பார்க்க வேண்டும். அவருடைய ரத்தம் உங்களுக்குச் சான்றிதழ் ஆகாது.

இந்தக் குழப்பத்தின் வேர், தகவல் யார் வழியாக வருகிறது என்பதில் இருக்கிறது. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம் ஒரு காலத்தில் தமிழ்நாட்டையே பேச வைத்தது. பேச வைப்பது வேறு, பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைப்பது வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், எச்.ஐ.வி. பற்றி முழுமையாக அறிந்தவர்கள் நாட்டின் பெண்களில் 21.6 சதவீதம், ஆண்களில் 30.7 சதவீதம் மட்டுமே.

ஆனால் கர்ப்பிணிக்கு அந்த அறிவு வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. கிராம சுகாதார செவிலியர் பெயரைப் பதிகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்தசோகைப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் முடிந்துவிடுகிறது. சொல்பவரே கூட்டிப்போகவும் செய்வதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். சிகிச்சை இல்லாவிட்டால் 15 முதல் 45 சதவீதம் வரை இருக்கும் தாய்-சேய் தொற்று வாய்ப்பு, சிகிச்சையால் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது.

குமுளிக்கு லாரி ஓட்டுபவருக்கும், ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுபவருக்கும் அப்படி ஒரு செவிலியர் இல்லை. அதனால் வீட்டில் முதல் பரிசோதனை முடிவு மனைவியுடையதாகிறது. பாசிட்டிவ் என்றால் முதல் பழியும் அவர்மேல்தான். 'அனைவருக்கும் பரிசோதனை' என்று அதிகாரிகள் சொல்லும்போது, அதில் எத்தனை கணவர்கள் என்று கேளுங்கள். பரிசோதனையை மறுக்கும் உரிமை கர்ப்பிணிக்கு உண்டு. அதை அவரிடம் சொன்னார்களா என்றும் கேளுங்கள். பதிவேட்டில் 'ஆலோசனை' என்று எழுதிவிட்டால் ஆலோசனை நடந்ததாகிவிடாது. முதல் வருகையிலேயே தம்பதியை ஒன்றாக உட்காரவைத்துப் பேசி, இருவருக்கும் பரிசோதிப்பதே நியாயம்.

பரிசோதனைக்கு எங்கே போவது? க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்துக்கு.

முகாம் நாளில் மட்டும்தான் இலவசமா? வேலைநாள் எல்லாமே இலவசம்.

வெளியே சொல்லிவிடுவார்களா? 2018 செப்டம்பர் 10 முதல் அமலிலுள்ள சட்டம் அதைத் தடுக்கிறது.

நேற்றுத்தான் தவறு நடந்தது என்றால்? அது நடந்த 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பு மாத்திரை உண்டு.

போனில் கேட்க? 1097, கட்டணமில்லை.

பாசிட்டிவ் என்றால்? மாத்திரை இலவசம். அதைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது.