கண் மங்கி தானா சரியாயிடுச்சா? அலட்சியம் வேண்டாம்

புதுச்சேரி:

ஒரு கண் திடீரென மங்குகிறது. கண்ணை அசைத்தால் வலிக்கிறது. சில வாரத்தில் தானாக சரியாகி விடுகிறது. பல மாதம் கழித்து கால் மரத்துப் போகிறது. அதுவும் சரியாகி விடுகிறது. 'சூடு', 'வாயு' என்று வீட்டிலேயே முடிவு கட்டி விடுகிறார்கள்.

ஆனால் இரண்டுக்கும் ஒரே நோய் காரணமாக இருக்கலாம். அதன் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ்.

உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேல் உறையை அரித்து விடுகிறது. கரண்டு வயரின் உறை உரிந்த மாதிரிதான். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வரும். பெண்களுக்கு அதிகம். 1868-ல் பாரீஸ் டாக்டர் ஷார்கோ இதை தனி நோயாக விளக்கினார்.

எப்படி கண்டுபிடிப்பது?

ஒரே ஒரு டெஸ்டில் இது தெரியாது. தொல்லை எப்போது வந்தது, 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்ததா என்று டாக்டர் முதலில் கேட்பார். வெயிலிலோ காய்ச்சலிலோ பழைய தொல்லை கொஞ்ச நேரம் தலைகாட்டினால் அது புது தாக்குதல் இல்லை.

அடுத்து மூளை, தண்டுவட எம்.ஆர்.ஐ. ஸ்கேன். பாதிப்பு வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு காலத்தில் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள். 2001-ல் வந்த மெக்டொனால்டு விதிகள்தான் இதற்கு அளவுகோல். 2024 திருத்தத்தில் கண் நரம்பும் கணக்கில் சேர்ந்தது.

ஏமாற்றும் நோய்கள்

பி12 சத்துக் குறைவு, காசநோய் போன்றவையும் இதே மாதிரி தெரியலாம். என்.எம்.ஓ. என்ற இன்னொரு நோயும் கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும். எம்.எஸ்.சுக்கு கொடுக்கும் சில மருந்துகள் அதை மோசமாக்கி விடும். அதனால்தான் 'அக்வாபோரின்-4' ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். செலவு என்று அதை தள்ளிப் போடக்கூடாது.

எங்கே போவது?

கோரிமேடு ஜிப்மரில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்த ஆஸ்பத்திரி இது. போகும்போது பழைய சீட்டு, ஸ்கேன் படம் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. முதல் தாக்குதல் எப்போ வந்ததுன்னு தேதியோட எழுதி வைங்க.

முழுசா குணமாக்க மருந்து இல்லை. ஆனால் சீக்கிரம் ஆரம்பித்தால் தாக்குதல்களை குறைக்கலாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் எம்.எஸ். இடம்பெற்றுள்ளது. பாதிப்பின் அளவைப் பொறுத்து அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.